ரந்தாவ் வாசலில் நின்றுபோன வேட்புமனு

2018 ஏப்ரல் 28, மலேசியப் பொதுத்தேர்தலுக்கான வேட்புமனு நாள். நெகிரி செம்பிலானின் ரந்தாவ் சட்டமன்றத் தொகுதியில் போட்டியிட வந்த டாக்டர் எஸ்.ஸ்ரீராமை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். தேர்தல் ஆணையத்தின் நுழைவு அட்டை அவரிடம் இல்லை என்பதுதான் காரணம். மனு கொடுக்க இருந்த நேரமோ காலை 9 முதல் 10 மணி வரை. அந்த ஒரு மணி நேரம் போனதும், அன்றைய மந்திரி பெசார் (மாநில முதல்வர்) முகமட் ஹசான் போட்டியின்றி வென்றதாக அறிவித்தார்கள்.

லின்சம் போன்ற தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த ஊர் ரந்தாவ். அங்கே தமிழர் ஓட்டு கணிசமானது. அந்த ஓட்டுக்கு வேலையே இல்லாமல் ஓர் உறுப்பினர் சட்டமன்றம் போனார்.

ஸ்ரீராம் விடவில்லை. தேர்தலை எதிர்ப்பதற்கு அரசியலமைப்பின் 118ஆவது பிரிவு காட்டும் ஒரே வழி தேர்தல் மனு. அதைத் தாக்கல் செய்தார். நுழைவு அட்டை இல்லையென்று வேட்பாளரைத் தடுக்கத் தேர்தல் விதிகளில் இடமில்லை என்பதே அவர் வாதம். 2018 நவம்பர் 16இல் சிரம்பானில் நீதிபதி அசிமா ஓமார் அந்த வெற்றியை ரத்து செய்தார். 2019 பிப்ரவரி 18இல் கூட்டரசு நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. ஏப்ரல் 13 இடைத்தேர்தலில் முகமட் ஹசானுக்கு 10,397 ஓட்டு, ஸ்ரீராமுக்கு 5,887. ஸ்ரீராம் தோற்றார். ஆனால் இம்முறை முடிவு செய்தவர்கள் ரந்தாவ் மக்கள். வழக்கின் உண்மையான வெற்றி அதுதான்.

ரந்தாவில் நீதிமன்றம் அதிகாரிகளின் செயலைச் சட்டத்தோடு ஒப்பிட்டு நிறுத்தியது. அரசியலமைப்புக்கு முரணான சட்டத்தையும் செல்லாததாக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்பதை அமெரிக்கா 1803இல் மார்பரி வழக்கில்தான் நிலைநாட்டியது. அதன் அரசியலமைப்பில் அது வெளிப்படையாக எழுதப்படவில்லை. மலாயாவில் 1957இலேயே, அரசியலமைப்பே நாட்டின் உச்சச் சட்டம், அதற்கு முரணான சட்டம் செல்லாது என்று 4ஆவது பிரிவில் எழுதி வைத்தார்கள்.

ஓட்டுப் போட முதலில் குடியுரிமை வேண்டும். அதில்தான் தோட்டத் தமிழருக்கு அடி விழுந்தது. அமெரிக்காவில் 1868இன் 14ஆவது திருத்தம், அந்த மண்ணில் பிறந்தவரைக் குடிமகனாக்கியது. மலாயாவிலும் சுதந்திர நாளுக்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு அப்படியொரு உரிமை இருந்தது. 1962 திருத்தம் அதைச் சுருக்கி, பெற்றோரில் ஒருவராவது குடியுரிமை பெற்றவராகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றது. விண்ணப்பிக்கத் தெரியாமல், பத்திரமில்லாமல் எத்தனையோ பேர் குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுவிட்டார்கள். குடிமக்கள் அல்லாதாருக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, 1969ஐ ஒட்டி ஏறக்குறைய 60,000 இந்தியர்கள் நாட்டைவிட்டே போனார்கள். பால்மரம் சீவிய கைகளுக்கு நாடு செய்த பெரிய அநீதி இது.

இன்று 18 வயதானால் வாக்காளர் பட்டியலில் பெயர் தானாகவே ஏறுகிறது. ஆனால் அது குடிமக்களுக்கு மட்டுமே. அதற்கு முதல் ஆதாரம் பிறப்புப் பத்திரம். தோட்டத்திலோ தாமானிலோ பிள்ளை பிறந்தால், பெற்றோரே, 60 நாளுக்குள் பதிந்துவிடுங்கள்.