டிஸ்னிலாந்துக்கு ஒரு நாள்: திட்டம் போடாமல் போகலாமா?

1955-ம் ஆண்டு ஜூலை மாதம் 17-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை.

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள அனஹைம் என்ற ஊரை நோக்கிக் கார்கள் சாரை சாரையாகச் சென்றன. ரோட்டில் நகர இடம் இல்லை. காருக்குள் குழந்தைகள் துடித்துக்கொண்டு இருந்தார்கள்.

எல்லோரும் எங்கே போனார்கள்?

டிஸ்னிலாந்து என்ற கேளிக்கைப் பூங்காவுக்கு! மிக்கி மவுஸ் என்ற சுண்டெலியைச் சினிமாவில் ஆட விட்டு, உலகத்தையே சிரிக்க வைத்த வால்ட் டிஸ்னி கட்டிய பூங்கா அது. 160 ஏக்கர் தோட்டத்தை வாங்கி, ஒரே ஆண்டில் கட்டி முடித்தார். செலவு 1 கோடியே 70 லட்சம் டாலர். அன்றுதான் திறப்பு விழா.

விழா நன்றாக நடந்ததா? இல்லை. ஒரே குழப்பம்!

கள்ள டிக்கெட்

அன்று அழைப்பு பெற்றவர்கள் மட்டுமே வரலாம் என்று ஏற்பாடு. ஆனால் யாரோ கள்ள டிக்கெட் அச்சடித்து விட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் அதைக் காட்டி உள்ளே புகுந்தார்கள். மொத்தம் 28 ஆயிரம் பேர் வந்ததாகக் கணக்கு.

வெயில் கொளுத்தியது. புதிதாகப் போட்ட தார் இளகியது. பெண்களின் குதி உயர்ந்த செருப்புகள் தாரில் புதைந்தன.

தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கலாம் என்றால், குழாயில் தண்ணீர் இல்லை. குழாய் வேலைக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் வேலை பாதியில் நின்று இருந்தது. "குடிதண்ணீர்க் குழாயா, கழிப்பிடமா? இரண்டில் ஒன்றைத்தான் முடிக்க முடியும்" என்ற நிலை. கழிப்பிடத்தை முடிக்கும்படி டிஸ்னி சொன்னார். குழாய்கள் காய்ந்து கிடந்தன.

ஓட்டல்களில் சாப்பாடு தீர்ந்து போயிற்று. ஒரு பகுதியில் எரிவாயு கசிந்ததால் அந்தப் பகுதியைக் கொஞ்ச நேரம் மூட வேண்டியது ஆயிற்று. இவ்வளவும் நடக்கும்போது, விழாவைக் கோடிக்கணக்கான ஜனங்கள் டெலிவிஷனில் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்!

ஆனாலும் பூங்கா தோற்றுப் போகவில்லை. மறுநாள் பொதுமக்களுக்குக் கதவு திறந்தது. ஏழே வாரத்தில் 10 லட்சம் பேர் வந்து பார்த்தார்கள்.

பூங்காக்காரர்கள் திட்டம் போடக் கற்றுக்கொண்டார்கள். தண்ணீர், சாப்பாடு, நிழல், கியூ எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்தார்கள்.

சரி, பார்க்கப் போகிறவர்கள் திட்டம் போட வேண்டாமா?

பெஞ்சில் பிறந்த எண்ணம்

வால்ட் டிஸ்னிக்கு இரண்டு பெண் குழந்தைகள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பூங்கா ஒன்றுக்கு அவர்களை அழைத்துப் போவார். குழந்தைகள் குதிரை ராட்டினத்தில் சுற்றுவார்கள். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு இருப்பார்.

"குழந்தைகள் மட்டும் விளையாடுகிறார்கள். பெற்றோர் சும்மா உட்கார்ந்து இருக்கிறார்கள். இரண்டு பேரும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும்" என்ற எண்ணம் அங்கேதான் அவருக்கு உண்டாயிற்று.

ஆகவே, டிஸ்னிலாந்து என்பது குடும்பம் முழுவதும் சேர்ந்து மகிழக் கட்டிய இடம். ஆனால், யோசனை இல்லாமல் போகும் குடும்பம் அங்கே என்ன செய்கிறது? ஒரு நாள் முழுவதும் கியூவில் சேர்ந்து நிற்கிறது!

இன்று தமிழ்நாட்டில் இருந்து எத்தனையோ தாய் தந்தையர், கலிபோர்னியாவில் வேலை பார்க்கும் மகனையும் மகளையும் பார்க்கப் போகிறார்கள். பேரக் குழந்தைகளோடு டிஸ்னிலாந்துக்கும் போகிறார்கள். மறுமுறை போகும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பது இல்லை. கிடைத்த ஒரு நாளை வீணாக்கலாமா?

நாள் பார்த்துப் போனால் பணம் மிச்சம்

1955-ல் நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 1 டாலர். குழந்தைகளுக்கு அரை டாலர். உள்ளே ஒவ்வொரு சவாரிக்கும் தனிக் காசு. 1982-ல் அந்த முறை போயிற்று. ஒரே டிக்கெட் வாங்கினால் எல்லாச் சவாரியும் போகலாம் என்று ஆயிற்று.

2016-ம் ஆண்டில் இன்னொரு மாறுதல் வந்தது. கூட்டம் குறைவான நாளில் டிக்கெட் விலை குறைவு. கூட்டம் மிகுந்த நாளில் விலை அதிகம்.

எவ்வளவு வித்தியாசம்? 2024-ம் ஆண்டு அக்டோபரில் வந்த விலைப்படி, பெரியவர் ஒருவருக்கு மிகக் குறைந்த விலை 104 டாலர். மிக உயர்ந்த விலை 206 டாலர். ஏறக்குறைய இரண்டு மடங்கு!

அப்பா, அம்மா, 10 வயதுக்கு உட்பட்ட இரண்டு பிள்ளைகள். இந்த நாலு பேருக்கும் மலிவான நாளில் ஏறக்குறைய 400 டாலர். விலை கூடிய நாளில் ஏறக்குறைய 800 டாலர். பூங்கா அதேதான். நாள்தான் வேறு.

மலிவான நாள் என்றால் கூட்டமும் குறைவு. பணமும் மிச்சம், கால் வலியும் மிச்சம். 3 வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட்டே வேண்டாம்.

கொரோனா காலத்தில் பூங்கா ஓர் ஆண்டுக்கு மேல் மூடிக் கிடந்தது. 2021-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 30-ந் தேதி திரும்பத் திறந்தபோது, டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, வருகிற நாளையும் முன்பதிவு செய்ய வேண்டும் என்று விதி வந்தது. விதிகளும் விலைகளும் அடிக்கடி மாறுகின்றன. ஆகவே புறப்படும் முன்பு பூங்காவின் இணையதளத்தைப் பார்ப்பது அவசியம். எந்தச் சவாரி பழுது பார்ப்பதற்காக மூடி இருக்கிறது என்பதும் அதில் தெரியும்.

இன்னொரு செய்தி. அங்கே இருப்பது ஒரு பூங்கா அல்ல, இரண்டு. 2001-ம் ஆண்டு எதிர்ப்பக்கத்திலேயே இரண்டாவது பூங்காவைத் திறந்தார்கள். இரண்டுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கினால் விலை கூடும். ஒரே நாள்தான் இருக்கிறது, சிறு பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றால், ஒரு பூங்காவே போதும். அதையே முழுவதும் பார்த்து முடிக்க முடியாது!

கியூ கணக்கு

கியூவின் நீளத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு சவாரி மணிக்கு 600 பேரை ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் 450 பேர் நிற்கிறார்கள். எவ்வளவு நேரம் ஆகும்? 45 நிமிஷம்.

இன்னொரு சவாரி மணிக்கு 2,400 பேரை ஏற்றுகிறது. அங்கேயும் முன்னால் 450 பேர்தான். ஆனால் 11 நிமிஷத்தில் முறை வந்துவிடும்!

டிஸ்னிலாந்தில் இந்த இரண்டு வகையும் உண்டு. "பீட்டர் பான்" சவாரி 1955-ல் இருந்தே இருக்கிறது. பறக்கும் கப்பலில் ஏறி, லண்டன் நகரத்தின் மேலே செல்வது போன்ற சவாரி. சின்னச் சின்னக் கப்பல்கள். ஆகவே ஏறுகிறவர்கள் குறைவு, காத்து நிற்கிறவர்கள் அதிகம். நாள் முழுவதும் அங்கே கூட்டம்தான்.

1967-ல் வந்த "கரீபியன் கடற்கொள்ளைக்காரர்கள்" சவாரியில் பெரிய படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். கியூ நீளமாகத் தெரிந்தாலும் சீக்கிரம் நகரும்.

இதில் இருந்து என்ன தெரிகிறது? மெதுவாக நகரும் கியூவுக்குக் காலையில் போக வேண்டும். வேகமாக நகரும் கியூவுக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

முதல் இரண்டு மணி நேரம்

கதவு திறக்கும் நேரத்தில் கூட்டம் மிகக் குறைவு. நண்பகலில் மிக அதிகம். காலை 8 மணிக்குத் திறக்கும் பூங்காவுக்கு 11 மணிக்குப் போகிறவர், நல்ல நேரத்தைப் படுக்கையில் விட்டுவிட்டுப் போகிறார் என்று பொருள்.

திறக்கும் நேரத்துக்கு அரை மணி முன்பே வாசலில் நிற்க வேண்டும். அதற்கும் முன்னால் காரை நிறுத்த நேரம் வேண்டும். பைகளைச் சோதனை போடுவார்கள். அதற்கும் நேரம் வேண்டும். இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டவர்களுக்கு, முதல் இரண்டு மணி நேரத்தில் நாலைந்து சவாரி கிடைக்கும். பிற்பகலில் அதே நாலைந்து சவாரிக்கு அரை நாள் ஆகலாம்.

மாலையில் ஊர்வலம் நடக்கும் நாட்களில் ஜனங்கள் தெரு ஓரத்தில் கூடி விடுவார்கள். அப்போது சில கியூக்கள் குறையும்.

பணம் கொடுத்துச் சீக்கிரம் போகும் வழியும் இருக்கிறது. 1999-ல் டிஸ்னி பூங்காக்களில் "பாஸ்ட்பாஸ்" என்ற சீட்டு வந்தது. அதில் குறித்த நேரத்துக்கு வந்தால் அதிகம் நிற்க வேண்டியது இல்லை. அப்போது அதற்குக் காசு இல்லை. 2021-ல் இருந்து அதற்குப் பதிலாகக் கட்டண முறை வந்துவிட்டது. காலையிலேயே போய்விடுகிற குடும்பத்துக்கு, கூட்டம் குறைவான நாளில் அந்தச் செலவு அவசியம் இல்லை.

பிள்ளையின் உயரம் என்ன?

பல பெற்றோர் இதைக் கவனிப்பது இல்லை. கடைசியில் அழுவது பிள்ளைதான்.

வேகமாக ஓடும் சவாரிகளுக்கு உயரக் கட்டுப்பாடு உண்டு. இருட்டில் விண்வெளிக்குப் போவது போன்ற "ஸ்பேஸ் மவுண்டன்" சவாரிக்கு 3 அடி 4 அங்குலம் வேண்டும். பனிமலையைச் சுற்றி ஓடும் "மேட்டர்ஹார்ன்" சவாரிக்கு மூன்றரை அடி. "இந்தியானா ஜோன்ஸ்" சவாரிக்கு 3 அடி 10 அங்குலம். ஓர் அங்குலம் குறைந்தாலும் விடமாட்டார்கள். கெஞ்சினாலும் பயன் இல்லை. குழந்தையின் உயிருக்காகச் செய்த ஏற்பாடு அது.

பல மாதமாக ஆசைப்பட்ட பிள்ளை, வாசலில் அளவுகோலுக்குக் கீழே நின்று கண் கலங்கும் காட்சியைத் தவிர்க்க வேண்டுமா? வீட்டுச் சுவரிலேயே அளந்து பார்த்து, "இது அடுத்த முறை, இப்போது அது" என்று சொல்லி வைக்க வேண்டும். பறக்கும் யானை, பீட்டர் பான், கடற்கொள்ளைக்காரர் படகு போன்றவற்றுக்கு உயரக் கட்டுப்பாடு இல்லை.

கைக்குழந்தை உள்ள தம்பதிக்கு ஒரு வசதி உண்டு. அப்பா சவாரி போகும்போது அம்மா குழந்தையோடு வெளியே இருக்கலாம். அப்பா வந்ததும், மறுபடி நீண்ட கியூவில் நிற்காமலே அம்மா போகலாம். வாசலில் உள்ள ஊழியரிடம் முதலிலேயே கேட்க வேண்டும். கேட்காதவர்களுக்கு இந்த வசதி தெரியாமலே போய்விடுகிறது.

தாத்தா, பாட்டிக்கு

பூங்காவில் நடக்க வேண்டிய தூரம் கொஞ்சம் அல்ல. புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போவது தவறு. சக்கர நாற்காலி வாசல் அருகே வாடகைக்குக் கிடைக்கும்.

பூங்காவைச் சுற்றி நீராவி ரெயில் ஓடுகிறது. நாலு ஸ்டேஷன்கள் உண்டு. கால் வலித்தால் அதில் ஏறி உட்காரலாம். "சின்ன உலகம்" என்ற படகுச் சவாரியில் பல நாட்டு உடை அணிந்த பொம்மைகள் பாடும், ஆடும். 1964-ல் நியூயார்க் உலகப் பொருட்காட்சிக்காகச் செய்த சவாரி அது. பேரனோடு பாட்டியும் பயம் இல்லாமல் உட்காரலாம்.

சிற்றுண்டியும் தண்ணீரும் வெளியில் இருந்து கொண்டு போகலாம். கண்ணாடிப் பாட்டில் கூடாது. உணவுக் கடைகளில் கேட்டால் குடிதண்ணீர் காசு இல்லாமல் கொடுப்பார்கள். பகல் 12 மணிக்கு எல்லோரும் சாப்பிடப் போவார்கள். 11 மணிக்கே சாப்பிட்டுவிட்டால் அங்கேயும் கியூ இல்லை.

திட்டம் அளவுக்கு மிஞ்சினால்?

நிமிஷத்துக்கு நிமிஷம் பட்டியல் எழுதி, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடுகிற பெற்றோரும் இருக்கிறார்கள். "வா, வா! அடுத்தது இருக்கிறது!" என்று அதட்டல். இதுவும் தவறுதான்.

குழந்தை ஒரு வாத்தைப் பார்த்து நின்றுவிடும். மிக்கி வேடக்காரரைக் கண்டு குதிக்கும். குடும்பம் அந்த நாளை நினைக்கும்போது, முதலில் நினைவுக்கு வருவது அதுவாகவே இருக்கலாம். அதற்கும் நேரம் வேண்டும்.

ஆகவே முன்கூட்டி முடிவு செய்ய வேண்டியவை ஐந்தே ஐந்து. எந்த நாள்? எத்தனை மணிக்கு வாசலில் நிற்பது? முதலில் எந்த மூன்று சவாரி? பிள்ளைகளின் உயரத்துக்கு எது எது கூடும்? எப்போது சாப்பாடு, எப்போது ஓய்வு?

இந்த ஐந்தையும் முதல் நாள் இரவு குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிவிடலாம். ஒவ்வொருவரும் ஆசைப்படும் ஒரு சவாரியைச் சொல்லட்டும். சிறு பிள்ளையையும் கேட்க வேண்டும். பாட்டியையும் கேட்க வேண்டும். அந்தச் சவாரிகள் முடிந்த பிறகு, மற்ற நேரம் எல்லாம் கால் போன போக்கில் சுற்றலாம்.