உரோம இலக்கமும் தமிழ் இலக்கமும்: மட்டக்களப்பு ஏடுகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையாயினும் படுவான்கரையாயினும், பாடசாலை செல்லும் பிள்ளை உரோம இலக்கத்தை மூன்று இடங்களிற் சந்திக்கின்றது. மணிக்கூட்டு முகம் ஒன்று. நூல்களின் முன்னுரைப் பக்கங்கள் மற்றொன்று. பரீட்சை வினாத்தாளின் உட்பிரிவுகள் மூன்றாவது. ஆனால், அதே பிள்ளையின் வீட்டில் ஓர் ஓலைச்சுவடி பேணப்பட்டு வருமாயின், அதன் ஏடுகளின் இடப்புற ஓரத்தில் எழுதப்பட்ட தமிழ் இலக்கத்தை அப்பிள்ளையால் வாசிக்க முடிவதில்லை. ஆசிரியராலும் பல வேளைகளில் முடிவதில்லை. ஒன்றைக் கற்பித்து மற்றதைக் கைவிட்டமையால் இரண்டுமே சரிவர விளங்காமற் போயின என்பது எமது கருத்து. இரண்டையும் அருகருகே வைத்து நோக்குவாம்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். உரோம இலக்கங்கள் இலத்தீன் எழுத்துகளே என்று கற்பிக்கப்படுகின்றது. தமிழ் இலக்கங்களும் அவ்வாறே தமிழ் எழுத்துகளாகக் கருதப்படுகின்றன. ௧ என்பது ககரம் போலவும், ௨ உகரம் போலவும், ௭ எகரம் போலவும், ௮ அகரம் போலவும் தோற்றுவதே இதற்குக் காரணம். உண்மையில் இவை பிராமி எண் குறிகளிலிருந்து நூற்றாண்டுகளூடாகத் திரிந்து வந்தவை. எழுத்துகளின் வடிவத்தை ஒத்தது பிற்கால நிகழ்ச்சி. உரோம இலக்கத்தின் வரலாறும் ஏறத்தாழ இத்தகையதே. கோடு கிழித்து எண்ணிய பழைய அடையாளங்கள் காலப்போக்கில் ஐ, வீ, எக்ஸ் முதலிய எழுத்துகளின் உருவை ஏற்றன. மட்டக்களப்புக் கோட்டை வாயிலிலுள்ள ஒல்லாந்தக் கம்பனியின் சின்னத்தில் வீ, ஓ, சீ ஆகிய எழுத்துகள் பிணைந்து நிற்கின்றன. அங்கு வீ ஐந்தன்று, சீ நூறும் அன்று. அவை கம்பனிப் பெயரின் முதலெழுத்துகள். எழுத்து வேறு, எண் வேறு என்பதை மாணவருக்கு உணர்த்த இதனினும் வாய்ப்பான சான்று இப்பகுதியில் இல்லை.

இனி எழுதும் முறையைக் காண்போம். தமிழில் ஒன்று முதல் ஒன்பது வரை ஒன்பது குறிகளும், பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என மூன்று குறிகளும் உள. பழைய முறையிற் சுழியம் இல்லை. பெரிய குறியின் வலப்புறத்தே நிற்கும் சிறிய குறி கூட்டப்படும்; இடப்புறத்தே நிற்பின் பெருக்கப்படும். ஆகவே ௰௨ பன்னிரண்டு, ௨௰ இருபது. பேச்சில் 'பன்னிரண்டு' என்பது பத்தும் இரண்டும், 'இருபது' என்பது இரு பத்து. தமிழ் பேசத் தெரிந்த பிள்ளைக்கு இவ்விதியைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. நாவில் உள்ளதே கையில் வருகின்றது.

உரோம முறையிலும் வலப்புறத்துச் சிறு குறி கூட்டப்படுகின்றது. இடப்புறத்தில் நிற்பின் கழிக்கப்படுகின்றது. பத்தின் முன் ஒன்று நின்றால் ஒன்பது. ஆயினும் விரும்பிய எதனையும் முன்னிறுத்திக் கழித்தல் வழக்கன்று. ஒன்று ஐந்துக்கும் பத்துக்கும் முன்னரும், பத்து ஐம்பதுக்கும் நூறுக்கும் முன்னரும், நூறு ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் முன்னரும் மட்டுமே நிற்கும். மணிக்கூடுகள் பலவற்றில் நாலைக் குறிக்க நான்கு கோடுகளே காணப்படுவதால், இக்கழித்தல் விதி எக்காலத்தும் கட்டாயமாக இருந்ததில்லை என்பதும் புலனாகும்.

எம் பிரதேச வரலாற்று ஆண்டுகள் சிலவற்றை எழுதிப் பார்க்கலாம். ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றிய 1638 ஆம் ஆண்டை உரோம முறையில் எழுத எம், டீ, சீ, மூன்று எக்ஸ், ஒரு வீ, மூன்று ஐ எனப் பத்துக் குறிகள் தேவை. தமிழில் ௲௬௱௩௰௮ என ஆறு குறிகள் போதும். வில்லியம் ஓல்ற் பாதிரியார் இங்கு வந்து பாடசாலை தொடங்கிய 1814 தமிழில் ௲௮௱௰௪. காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளின் 'யாழ் நூல்' வெளிவந்த 1947 ஆம் ஆண்டு ௲௯௱௪௰௭. மாணவர் இவற்றைத் தாமே எழுதிக் குறிகளை எண்ணிப் பார்ப்பாராயின், பெருக்கலைப் பயன்படுத்தும் முறை எவ்வளவு சிக்கனமானது என்பது விளங்கும்.

ஓரிடத்தில் மட்டும் தமிழரின் பேச்சும் எழுத்தும் பிரிகின்றன. 90 என்பதை ௯௰ என்றே எழுதுகிறோம். ஆனால் 'தொண்ணூறு' என, நூறு என்னுஞ் சொல்லை வைத்தே வழங்குகிறோம். 900 எழுத்தில் ௯௱, பேச்சில் 'தொள்ளாயிரம்'. ஒன்பது என்பதனோடு பத்தும் நூறும் புணரும்போது இவ்வடிவங்கள் தோன்றுமாற்றைத் தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலில் விதிக்கின்றார். இதன் முதற்பகுதிக்குக் 'குறை' எனப் பொருள் கொள்வாரும் உளர். அவ்வாறாயின் நூற்றுக்குக் குறைந்தது தொண்ணூறு என்றாகும்; நூறின் முன் பத்தை வைத்துத் தொண்ணூறு எழுதிய உரோமரின் நோக்கும் அதுவே. இவ்வொப்புமை தற்செயலானதே.

சுழியம் இல்லாமையை இரு முறைகளின் குறைபாடாக மட்டும் காணலாகாது. 105 என்பது ௱௫. நடுவே வெற்றிடம் ஏதுமில்லை, அதனை நிரப்பக் குறியும் வேண்டியதில்லை. எண்ணைப் பதிந்து வைப்பதற்கு இது போதும். இடர்ப்பாடு கணக்கிடும்போதே எழுகின்றது. உரோமர் கணக்கிடுவதற்கு மணிச்சட்டத்தை நாடினர். எம்மவர் திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனனஞ் செய்தனர். தாளில் எழுதியே கூட்டவும் பெருக்கவும் இடமளித்தது இடமதிப்பும் சுழியமும் கொண்ட இந்து-அராபிய முறைதான். அது இந்திய மண்ணிற் பிறந்து, அராபியர் வழியே ஐரோப்பாவுக்குச் சென்று, உலகப் பொதுவாயிற்று. ஆகவே அதனை அந்நியமெனத் தள்ளிவிட்டு அன்றாட வாழ்விற்குத் தமிழ் இலக்கத்தை மீட்க வேண்டும் என்போரின் வாதம் எமக்கு உடன்பாடன்று. வாசிக்கத் தெரிந்திருத்தல் வேறு, மீட்டெடுத்தல் வேறு.

வாசிக்கத் தெரியாமையின் விளைவு சிறியதன்று. வைகாசிச் சடங்கின்போது கண்ணகியம்மன் கோயில்களிற் படிக்கப்படும் வழக்குரை ஏடுகளை எடுத்துக்கொள்வோம். கயிறு அறுந்து ஏடுகள் சிதறினால், மீளக் கோப்பதற்கு ஓரத்து இலக்கமே துணை. பன்னிரண்டாம் ஏட்டை இருபதாம் ஏட்டின் இடத்திற் கோத்தால் கதை குலையும். ௰ என்பதை யகரமென மயங்கிப் படியெடுப்பவர் ஏட்டின் இலக்கத்தையே பாடலின் எழுத்தாக்கி விடவுங் கூடும்.

சமூக நோக்கிலும் இதனை ஆராய இடமுண்டு. நெல்லும் நிலமும் அவணத்தாலும் மரைக்காலாலும் அளக்கப்பட்ட இப்பிரதேசத்தில், கணக்கை எழுதுவோர் வேறு, அக்கணக்குக்கு உட்படுவோர் வேறு. ௰௨ எது, ௨௰ எது என்று அறியாத உழவன், பன்னிரண்டு அவணத்துக்கும் இருபது அவணத்துக்கும் இடையே பிறர் வாய்ச்சொல்லை நம்பியே நிற்க நேரிடும். கல்வி மறுக்கப்பட்டோர் இழந்தவற்றுள் எண்ணறிவுக்குரிய இடம் ஆய்வாளராற் போதியவாறு கவனிக்கப்படவில்லை.

சிங்கள மக்களிடத்தும் சுழியமற்ற பழைய 'இலக்கம்' இருந்தது. அதில் இருபது, முப்பது முதலிய ஒவ்வொரு பத்துக்கும் தனிக்குறி உண்டு. தமிழிலோ பெருக்கலே அவற்றை ஆக்கித் தருகின்றது. உரோம இலக்கம் கற்பிக்கப்படும் அதே பாடவேளையில் இவ்விரண்டையும் சேர்த்துக் காட்டினால், நாட்டின் இரு மொழி மாணவரும் ஒருவர் மற்றவருடைய எண்ணை வாசிக்கும் வாய்ப்பைப் பெறுவர். ஒரே எண்ணை நான்கு முறைகளில் எழுதிப் பார்க்கும் மாணவன், இடமதிப்பு என்பது இயற்கை நியதியன்று, மனிதர் கண்ட ஒரு தீர்வு என்பதையும் உணர்வான்.

அச்செழுத்தும் இன்று தடையாக இல்லை. கணினி எழுத்துகளுக்கான யூனிகோட் நியமத்தில் ௧ முதல் ௲ வரையான குறிகள் தொடக்கத்திலேயே இடம்பெற்றன. தமிழ்ச் சுழியம் 2005 ஆம் ஆண்டிலும், முந்திரி என்னும் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு முதலாய பின்னக் குறிகள் 2019 ஆம் ஆண்டிலும் சேர்க்கப்பட்டன. எனவே மட்டக்களப்பு ஏடுகளைப் பட்டியலிடுவோர், ஏட்டிலக்கத்தை மூலத்திலுள்ளவாறே பதிந்து, அதனருகில் இக்கால இலக்கத்தையும் தருதல் வேண்டும். ஏட்டில் ௨௰ என்றிருப்பதை 20 என மட்டும் எழுதிச் செல்லின், எழுதியவன் கையாண்ட முறை பழையதா, சுழியம் வந்த பின்னர்த் தோன்றியதா என்பதை அறியும் சான்று அப்பட்டியலிலேயே மறைந்துவிடும்.