எல்.சி.க்கு ஆன்லைன் மாற்று: பணத்துக்கு யார் பொறுப்பு?

வெளிநாட்டு ஆர்டருக்கு வங்கி தரும் பண உறுதியைத் திருப்பூரிலும் தூத்துக்குடியிலும் எல்.சி. என்றே சொல்கிறார்கள். இனி தாளும் கூரியரும் வேண்டாம், எல்லாமே ஆன்லைனில் முடிந்துவிடும் என்ற பேச்சு அடிபடுகிறது. இதையொட்டி ஏற்றுமதியாளர்களுக்கு எழும் சந்தேகங்கள் சில.

எல்.சி.யே பாதுகாப்பானதுதானே, அதற்கு மாற்று எதற்கு?

வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, ஆவணங்களை மட்டுமே பார்க்கிறது. சர்வதேச வர்த்தக சபையின் யு.சி.பி. 600 விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. சரக்கேற்றக் கடைசி நாள் 15 என்று எல்.சி.யில் இருக்க, கப்பல் ரசீதான பி.எல்.லில் 16 என்று விழுந்துவிட்டால் போதும். பனியன் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் ‘டிஸ்கிரிபன்சி’ (ஆவண முரண்பாடு) என்று வங்கி பணத்தை மறுக்கலாம். அதன்பின் வாங்குபவர் மனது வைத்தால்தான் பணம். அவர் ஊரில் விலை சரிந்திருந்தால், அந்த ஒரு நாளைக் காட்டியே தள்ளுபடி கேட்பார். இது அன்றாடம் நடப்பது. ஆவணங்களைச் சரிபார்க்க ஒவ்வொரு வங்கிக்கும் 5 வேலை நாள் வரை அவகாசம் உண்டு. கூரியர் நாட்களும் கட்டணங்களும் தனி. சிங்கப்பூர் போன்ற பக்கத்துத் துறைமுகம் என்றால், சரக்கு போய் இறங்கிய பிறகும் பி.எல். வந்து சேர்ந்திருக்காது.

பி.பி.ஓ. என்று ஒன்று வந்ததே, அது என்ன ஆயிற்று?

சர்வதேச வர்த்தக சபையும், வங்கிகளுக்கிடையே செய்திகளைக் கொண்டுசெல்லும் ஸ்விஃப்ட் அமைப்பும் சேர்ந்து கொண்டுவந்த ‘பேங்க் பேமென்ட் ஆப்ளிகேஷன்’ என்ற ஏற்பாடு அது. விதிகள் 2013 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஆர்டர் விவரங்களை இரு தரப்பு வங்கிகளும் முதலில் கணினியில் ஒத்துப்பார்த்து வைத்துக்கொள்ளும். சரக்கு கிளம்பியதும் இன்வாய்ஸ், ஷிப்மென்ட் விவரங்களை ஏற்றுமதியாளரின் வங்கி பதிவேற்றும். அவை பொருந்தினால் எதிர்த்தரப்பு வங்கி பணம் தந்தே ஆகவேண்டும். காகித ஆவணங்கள் வங்கிகளைத் தொடாமல் நேராக வாங்குபவருக்குப் போய்விடும்.

வங்கியின் உறுதியை வைத்துக்கொண்டு, தாள்களைச் சலிக்கும் வேலையை மட்டும் நீக்கிய நல்ல யோசனை. ஆனால் எதிர்த்தரப்பு வங்கி வாக்குக் கொடுத்தது ஏற்றுமதியாளருக்கு அல்ல, அவருடைய வங்கிக்கு. ஆகவே இரண்டு வங்கிகளுமே உள்ளே இருந்தாக வேண்டும். போதுமான வங்கிகள் சேரவில்லை. 2020 இறுதியோடு ஸ்விஃப்ட் இதற்கான தன் சேவையை நிறுத்திவிட்டது. சிறு ஏற்றுமதியாளர்களுக்கு இது உண்மையான இழப்பு என்றே நினைக்கிறேன்.

பிளாக்செயின் தளத்தில் பதிவு செய்தால் பணம் உறுதி என்கிறார் பையர். நம்பலாமா?

அந்தப் பணத்தைத் தருவதாக யார் எழுத்தில் ஒப்புக்கொள்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். தளம் தகவலைக் கொண்டுபோகும், பணத்துக்குப் பொறுப்பேற்காது. 2018 நவம்பரில் ரிலையன்ஸ், அமெரிக்காவின் ட்ரைகான் நிறுவனத்துக்குச் செய்த ஏற்றுமதியில் எச்.எஸ்.பி.சி., ஐ.என்.ஜி. வங்கிகள் பிளாக்செயினைப் பயன்படுத்தின. அதிலும் நடந்தது எல்.சி.தான், பணத்துக்குப் பொறுப்பு வங்கிதான்.

தளங்களும் நிலைப்பதில்லை. வீ.டிரேட் 2022-இல் மூடப்பட்டது. டிரேட்லென்ஸ், மார்கோ போலோ, கான்டூர் மூன்றும் 2023-இல் ஓய்ந்தன. பெரிய வங்கிகளும் கப்பல் நிறுவனங்களும் பின்னால் இருந்தவை இவை. உறுதி தருபவர் வங்கி இல்லை, வாங்குபவர் மட்டும்தான் என்றால், அது கடனுக்குச் சரக்கு அனுப்புவதுதான். அதற்கு ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனமான இ.சி.ஜி.சி.யிடம் காப்பீடு எடுத்துவிட்டே அனுப்ப வேண்டும். அதுவும் முழு இழப்பையும் ஈடுகட்டாது.

மின்னணு பி.எல். சட்டப்படி செல்லுமா?

காகித பி.எல். யார் கையில் இருக்கிறதோ அவருக்கே சரக்கு. கணினிக் கோப்பைக் ‘கையில் வைத்திருப்பது’ எப்படி என்பதில்தான் சட்டம் நெடுநாள் தடுமாறியது. அதனால் மின்னணு பி.எல். வசதி தரும் போலெரோ போன்ற சேவைகளில் எல்லாத் தரப்பும் ஒரே விதிப்புத்தகத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. ஐ.நா.வின் வர்த்தகச் சட்ட ஆணையம் 2017-இல் மாதிரிச் சட்டம் வகுத்தது. சிங்கப்பூர் 2021-இல் அதற்கேற்பத் தன் சட்டத்தைத் திருத்தியது. பிரிட்டனில் 2023 செப்டம்பர் 20 முதல் மின்னணு ஆவணத்துக்குக் காகிதத்துக்கு உள்ள அதே மதிப்பு உண்டு. பல பி.எல்.கள் ஆங்கிலேயச் சட்டத்துக்கு உட்பட்டவை என்பதால் இது நமக்கும் முக்கியம். ஆனாலும் பையரின் நாட்டில் ஏற்பார்களா என்று சரக்கேற்றும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அப்படியானால் இன்று கைக்கு எட்டும் வழி எது?

எல்.சி.யையே மின்னணு ஆவணங்களோடு நடத்துவது. அதற்கான இ-யு.சி.பி. விதிகள் 2002 முதலே இருக்கின்றன. ஆனால் அவை தாமாகப் பொருந்தாது. இந்த எல்.சி. இ-யு.சி.பி.க்கு உட்பட்டது என்று எல்.சி.யிலேயே எழுதியிருக்க வேண்டும். ஆவணங்களை எந்த மின்முகவரிக்கு அனுப்புவது, எந்த வடிவத்தில் அனுப்புவது என்பதும் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் சரக்கு கிளம்பும் முன் திருத்தம் கேளுங்கள்.

எல்.சி.யை பி.டி.எஃப்.பாக வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். துணி வெட்டத் தொடங்கலாமா?

வேண்டாம். உண்மையான எல்.சி. வங்கிக்கு வங்கி செய்தியாக வந்து, இங்குள்ள வங்கி அதன் நம்பகத்தன்மையைச் சரிபார்த்துத்தான் உங்களுக்குத் தெரிவிக்கும். பணம் அனுப்பியதாகக் காட்டும் ‘ஸ்விஃப்ட் காப்பி’க்கும் இதே பதில்தான். உங்கள் கணக்கில் வரவு விழுந்ததா என்று உங்கள் வங்கியிடம் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.