செயின் வண்டிக்கு உதிரிபாகம் தேடுவோர் அறிய வேண்டியவை

தருமபுரி மாவட்டத்தின் மானாவாரி நிலங்களில், கல்லும் கரடுமாகக் கிடக்கும் பூமியைச் சமப்படுத்தவும் பண்ணைக்குட்டை வெட்டவும் பழைய புல்டோசர் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டுவோருக்கும், வாணியாறு, தொப்பையாறு அணைகளின் பாசனத்தில் நெல் விளையும் வயல்களில், ஈரம் காயுமுன்பே இறங்கி அறுக்கவல்ல செயின் வகை அறுவடை வண்டியை வைத்து அதன் வருமானத்திலேயே குடும்பத்தைக் காப்பாற்றுவோருக்கும், என்றோ ஒரு நாள் ஒரே விதமான சங்கடம் வந்து சேருகிறது. என்ஜின் நல்ல நிலையில் இருக்கிறது. அதைத் தாங்கி நகர்த்தும் செயினோ ரப்பர் பெல்ட்டோ தேய்ந்து போகிறது. அந்த மாதிரி வண்டியைத் தயாரித்த கம்பெனி அதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இந்த நிலையில் மனிதன் அவசரப்படுகிறான். அறுவடைப் பருவம் காத்திருக்காது என்பதால், எவர் எதைக் கொடுத்தாலும் வாங்கி, ரசீது என்ற ஒன்றைக் கேட்காமலேயே பெருந்தொகையைக் கொடுத்துவிட்டு, அந்தப் பாகம் சில வாரங்களில் அறுந்து விழுந்தபின், யாரிடம் போய் எதை முறையிடுவது என்று தெரியாமல் நிற்கிறான். அவனுக்குச் சட்டம் அளித்திருக்கும் பாதுகாப்பு பலரும் நினைப்பதைக் காட்டிலும் விசாலமானது. ஆனால் அதைப் பயன்படுத்துவதற்கான ஆதாரங்களை, பாகத்தை வண்டியில் மாட்டுவதற்கு முன்பே அவன் சேகரித்து வைத்திருக்க வேண்டும்.

இச்சங்கடம் நமக்கு மட்டும் உரியதன்று. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கோர் என்ற ஊரைச் சேர்ந்த ஜோசப் ஆர்மண்ட் பாம்பார்டியர், பல்சக்கரத்தால் ரப்பர் பட்டையைச் சுழற்றிப் பனிமேல் வண்டியை ஓட்டும் முறைக்கு 1937-இல் காப்புரிமை பெற்றார். அவர் காலத்துப் பனிவண்டிகளை இன்றும் போற்றிப் பாதுகாத்து வருவோர், மூலப் பட்டை கிடைக்காமல், அளவெடுத்துப் புதிதாகச் செய்துகொள்ள வேண்டிய நிலையில்தான் இருக்கிறார்கள். பனியானாலும் சேற்று வயலானாலும் தத்துவம் ஒன்றே: வண்டியின் பாரத்தை அகன்ற பரப்பில் பரப்பிப் புதையாமல் காப்பது. ஆகவே அங்கே பயன்படும் எச்சரிக்கை இங்கேயும் பயன்படும்.

அளவு என்பதே இவ்விஷயத்தில் முதற்படி. ரப்பர் பெல்ட்டில் மூன்று எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். உதாரணமாக 400 × 90 × 47 என்றிருந்தால், அகலம் 400 மில்லிமீட்டர், பல் ஒன்றுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையிலான பிட்ச் 90 மில்லிமீட்டர், பற்களின் எண்ணிக்கை 47 என்று பொருள். பெல்ட்டின் மொத்தச் சுற்றளவு 4,230 மில்லிமீட்டர் ஆகும். அகலம் சிறிது மாறினால் ஒருவேளை சமாளிக்கலாம். பிட்ச் மாறினால் எந்த உபாயத்தாலும் சமாளிக்க முடியாது, ஏனெனில் பல்சக்கரம் பல்லின்மேல் ஏறிப் பெல்ட்டின் உள்ளிருக்கும் உருக்குக் கம்பிகளை அறுத்துவிடும். நெடுநாள் வெயிலில் கிடந்த பெல்ட்டின் மேற்பரப்பில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றியிருக்கும். அவற்றின் வழியே ஈரம் புகுந்து கம்பிகள் துருப்பிடிக்கும் என்பதால், பார்வைக்குப் புதிதாகத் தோன்றினாலும் அத்தகைய சரக்கை வாங்கலாகாது.

புல்டோசரின் இரும்புச் செயின் வேறு வகை. அதில் தேய்வது பெரும்பாலும் பின்னும் புஷ்ஷுமே. அவை ஒரு பக்கமாகவே தேய்வதால், செயினைக் கழற்றி அவற்றை அரைவட்டம் திருப்பிப் போட்டு மேலும் சில காலம் ஓட்டலாம். புதுச் செயின் வாங்குமுன் இது சாத்தியமா என்று பார்ப்பது உத்தமம். இன்னொரு விஷயமும் இங்கே முக்கியம்: தேய்ந்த ஸ்பிராக்கெட் என்னும் பல்சக்கரத்தின்மேல் புதுச் செயினை ஏற்றினால் அச்செயின் வேகமாகத் தேயும். நாளைக்கு வழக்கு என்று வரும்போது விற்பவர் சொல்லப் போகும் முதல் சமாதானமும் இதுவாகவே இருக்கும். ஆகையால் பழைய செயினைக் கழற்றியவுடன் ஸ்பிராக்கெட், ரோலர், ஐட்லர் ஆகியவற்றைத் தேதியுடன் படம் பிடித்து வைத்து, அவற்றின் நிலையை விற்பவரிடம் காட்டி, இவற்றோடு பொருந்தும் என்று அவர் சொல்வதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மூலப் பாகம் எங்கும் கிடைக்காதபோது பட்டறையில் செய்விக்கும் வழி இருக்கிறது. ஓசூரிலும் கோயம்புத்தூரிலும் இதற்கான இயந்திர வசதியும் கைத்தேர்ச்சியும் குறைவின்றி உண்டு. ஆனால் உருவம் ஒத்திருப்பதே போதும் என்று எண்ணுவது பெரும் அபாயம். செயின் லிங்க் என்பது அடித்து உருவாக்கி, வெப்பமூட்டிக் குளிர்வித்து, வெளிப்புறம் கடினமும் உட்புறம் உறுதியும் பெற்ற உருக்கு. அதற்குப் பதிலாகச் சாதாரண வார்ப்பிரும்பில் செய்தால் பாறையில் மோதிய மாத்திரத்தில் உடையும், மெல்லிய இரும்பில் செய்தால் பின் வளைந்து செயின் கழன்றுவிடும். உடைந்த லிங்கை முன்கூட்டிச் சூடேற்றாமல் வெல்டிங் செய்தால், பற்றுவைத்த இடத்தை அடுத்தே புதிய வெடிப்பு உண்டாகும். சரிவான நிலத்தில் வேலை செய்யும்போது செயின் அறுந்தால் அவ்வண்டியைக் கட்டுப்படுத்துவது கடினம், உயிர்ச்சேதத்துக்கும் இடமுண்டு. பின்னைச் சம்மட்டியால் அடித்துக் கழற்றும்போது சிதறும் உருக்குத் துணுக்கு கண்ணைப் பறித்துவிடும். செயினை இறுக்கும் கிரீஸ் உருளையில் மிகுந்த அழுத்தம் அடைபட்டிருப்பதால், அதன் வால்வை மெல்ல மெல்லவே தளர்த்த வேண்டும். அதற்கு நேரெதிரே முகத்தை வைத்து நிற்கவே கூடாது. கூலிக்கு வந்த உதவியாளர் இவ்வேலையில் காயமடைந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு வண்டியின் உடைமையாளர்மேல் வரக்கூடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பட்டறைக்காரர் பிறர் வடிவமைத்த பாகத்தைச் செய்து கொடுப்பது குற்றமாகாதா என்ற ஐயம் பலருக்கு உண்டு. காப்புரிமையின் ஆயுள் 20 ஆண்டு. 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி பதிவான வடிவத்துக்குப் பாதுகாப்பு 10 ஆண்டு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். ஆகவே 1990-களில் விற்பனைக்கு வந்த வண்டியின் பாகத்தைப் புதிதாகச் செய்வதற்கு இவை பெரும்பாலும் தடையாக நிற்பதில்லை. 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, ஒரு பாகம் இன்ன கம்பெனியின் வண்டிக்குப் பொருந்தும் என்று உண்மையாகத் தெரிவிப்பதற்கு அக்கம்பெனியின் பெயரைக் குறிப்பிடுவதை அனுமதிக்கிறது. ஆனால் தாம் செய்த பாகத்தின்மேல் அக்கம்பெனியின் முத்திரையையே பொறித்து அசல் என்று விற்பது வேறு சங்கதி. அதற்குச் சட்டம் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைவாசமும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. போலிப் பொருளால் ஒருவர் படுகாயமுற்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 91-ஆவது பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை. மரணம் நேர்ந்தால் 7 ஆண்டுக்குக் குறையாமல் ஆயுட்காலம் வரை தண்டனை. நேர்மையாகத் தம் பெயரைப் பொறித்து விற்கும் உள்ளூர்த் தொழிலாளியை நாம் ஆதரிக்க வேண்டும். பிறர் பெயரைத் திருடுவோரிடமிருந்து விலக வேண்டும்.

பாகங்களையும் பழுதுபார்க்கும் விவரங்களையும் கம்பெனிகள் தம் வசமே பூட்டி வைத்துக்கொள்வது நியாயமா என்ற கேள்வியும் நம் நாட்டில் எழாமல் இல்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில், உதிரிபாகங்களை வெளிச்சந்தைக்கு விடாத 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அதன்மேல் மேல்முறையீடுகள் நடந்தன. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை நியமித்து, விவசாயக் கருவிகளை அதன் வரம்புக்குள் சேர்த்தது. இவ்வுரிமை தனிச் சட்டமாக இன்னும் உருப்பெறாதது வருந்தத்தக்கது. ஒரு செயின் கிடைக்காத காரணத்தால் உழைக்கும் நிலையிலுள்ள வண்டி பழைய இரும்பு விலைக்குப் போவது தேசத்துக்கே நஷ்டம்.

இனி வாங்கும் முறை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ரசீது தர மறுப்பதையே நியாயமற்ற வணிக நடவடிக்கை என்கிறது. குறையுள்ள பொருளை ரசீதில் கண்ட காலத்துக்குள்ளும், அவ்வாறு காலம் குறிக்கப்படாவிடில் 30 நாளுக்குள்ளும் திரும்பப் பெற மறுப்பதும் அவ்வாறே. ஆகவே 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்த வாசகத்தைக் கண்டு ஒருவரும் அஞ்ச வேண்டியதில்லை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவும் துணை நிற்கிறது: இன்ன மாதிரி வண்டிக்கு, இன்ன வேலைக்கு வேண்டும் என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், அப்பொருள் அவ்வேலைக்குத் தகுதியாக இருக்கும் என்பது சொல்லாமலே ஏற்கப்பட்ட நிபந்தனையாகிறது. இதனால்தான் வண்டியின் மாதிரி, வரிசை எண், பிட்ச், பற்களின் எண்ணிக்கை, உத்தரவாதக் காலம் ஆகிய யாவும் ரசீதிலேயே இடம்பெற வேண்டும். பட்டறையில் செய்விப்பதானால் எந்த வகை உருக்கு, என்ன கடினத்தன்மை என்பதையும் முன்பணம் கொடுக்குமுன் எழுதி வாங்க வேண்டும்.

வாடகைக்கு வண்டி ஓட்டுபவர் வணிகர் அல்லவா, அவர் எப்படி நுகர்வோராவார் என்று எதிர்த்தரப்பு நிச்சயம் வாதிடும். சுயதொழில் மூலம் ஜீவனத்துக்காக மட்டுமே வாங்கியதை வணிக நோக்கமாகக் கருதலாகாது என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே விளக்குகிறது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனத்துக்கு எதிராக லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதற்கு ஆதாரம். அவ்வழக்கில் இயந்திரம் வாங்கியவர் தோற்றார். எனினும், தாமே ஓட்டுவதற்காக வாகனமோ இயந்திரமோ வாங்கியவர், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோரே என்று நீதிமன்றம் தெளிவாக்கியது. பல வண்டிகளைக் கொண்டு பெருந்தொழில் நடத்துபவரோ சிவில் நீதிமன்றத்தை நாட வேண்டியவராகிறார்.

பாகம் பழுதானால் உடைந்த துண்டை எக்காரணத்தாலும் விற்பவரிடம் ஒப்படைத்துவிடலாகாது. அதுவே முதன்மைச் சாட்சி. வழக்கின்போது அதைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமென்று கேட்டால், நுகர்வோர் ஆணையம் அதை முத்திரையிட்டு உரிய ஆய்வகத்துக்கு அனுப்பும். முதலில் பதிவுத் தபாலில் விற்பவருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம். பலன் இல்லையேல், குறை தோன்றிய 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். பாகத்தை லூதியானாவில் வாங்கியிருந்தாலும், வாங்கியவர் அரூரிலோ பாலக்கோட்டிலோ வசித்தால் தருமபுரி ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் இல்லை. வசதியற்றோர் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உதவியைக் கோரலாம்.

உத்தரவு சாதகமாக வந்தபின் எதிர்த்தரப்பு 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் செலுத்த வேண்டிய தொகையில் பாதியைக் கட்டிய பிறகே அது ஏற்கப்படும். மேல்முறையீடும் செய்யாமல் உத்தரவையும் நிறைவேற்றாமல் காலம் கடத்துவோருக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 72-ஆவது பிரிவின்படி ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அதற்கான மனுவையும் அதே ஆணையத்திலேயே கொடுக்க வேண்டும்.