ஒரு பிக்சலுக்குள் ஐந்து மில்லிவிநாடி

வீணைத் தந்தியை மீட்டினால் ஒலி சட்டென்று உச்சிக்குப் போய் மெல்லத் தேய்கிறது. நாகசுரத்தில் மூச்சு இருக்கும்வரை ஒலி நிற்கிறது. ஒரே ஸ்வரமானாலும் காது இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. ஒலி எப்படிப் பிறக்கிறது, எப்படி மறைகிறது என்பதே பாதி அடையாளம். 1948இல் பாரிஸில் இசையமைப்பாளர் பியேர் ஷேஃபர் ஒரு மணியோசைப் பதிவின் தொடக்கத்தை மட்டும் வெட்டி நீக்கினார். மிச்சமிருந்தது மணியாகவே கேட்கவில்லை. ஓபோ என்னும் ஊதுகுழல்போல் ஒலித்தது.

மின்னணு இசையில் இந்தப் பிறப்பையும் மறைவையும் ஆள்வது என்வலப். 1964இல் பொறியாளர் ராபர்ட் மூகும் இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சும் தங்கள் முதல் சின்தசைசரில் ஸ்வரத்தைத் தொடங்கி வைக்க அழைப்புமணிப் பொத்தானையே பொருத்தினார்கள். அடுத்த ஆண்டு இசையமைப்பாளர் விளாடிமிர் உசாசெவ்ஸ்கி கேட்ட கருவியிலிருந்து இன்றைய நான்கு கட்டங்கள் உருப்பெற்றன: ஒலி எழும் அட்டாக், உச்சியிலிருந்து இறங்கும் டீகே, விசையை அழுத்தியிருக்கும்வரை நிற்கும் சஸ்டெயின், விரலை எடுத்தபின் அடங்கும் ரிலீஸ். 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 சின்தசைசர் என்வலப்பை எண்களாக மாற்றியது. இரண்டு வரிச் சின்னத் திரையில் ஒவ்வோர் எண்ணாக ஏற்ற வேண்டும். வளைவு மாறுவதைக் கண்ணால் பார்க்க வழியில்லை.

மென்பொருளில் அந்த வளைவு வரைபடமாக வந்தது. மவுஸால் புள்ளியைப் பிடித்து இழுத்தால் ஒலி மாறும். ஆனால் பல மென்பொருள்களில் அந்தப் படம் தீப்பெட்டி அளவே இருந்தது, பெரிதாக்கவும் முடியாது. இது அழகுக் குறை மட்டுமல்ல. 400 பிக்சல் அகலத்தில் 2 விநாடி காட்டப்பட்டால் ஒரு பிக்சலுக்கு 5 மில்லிவிநாடி. தாள ஒலியின் முதல் அடி கூர்மையாக விழுகிறதா, மழுங்குகிறதா என்பது அந்த 5 மில்லிவிநாடிக்குள்ளேயே முடிவாகிவிடலாம். காதுக்குத் தெரியும் வித்தியாசத்தைக் கையால் தொட முடியாத நிலை அது. அகலத்தை 1,000 பிக்சல் ஆக்கினால் ஒரு பிக்சல் 2 மில்லிவிநாடியாகிறது.

பெரிதாக்குவதில் ஒரு பொறி இருக்கிறது.

நிரலாளர் புள்ளிகளின் இடத்தைப் பிக்சலாகவே சேமித்து வைத்தால், சாளரத்தைச் சுருக்கி விரிப்பதே ஒலியைக் கெடுத்துவிடும். அதே 2 விநாடிப் படத்தை 200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால் 5 மில்லிவிநாடி அட்டாக் அரை பிக்சல்தான். கணக்கு அதை 0 ஆகவோ 10 மில்லிவிநாடியாகவோ முழுமைப்படுத்திவிடும். மறுபடி விரித்தாலும் பழைய 5 திரும்பாது. எனவே சேமிக்க வேண்டியவை விநாடியும் ஒலியளவும் மட்டுமே. சாளரம் மாறும் ஒவ்வொரு முறையும் அவற்றிலிருந்து படத்தைப் புதிதாக வரைய வேண்டும். கோடு விரியலாம்; கோட்டின் தடிமனும், மவுஸ் பிடிக்கும் வட்டமும் கூடவே ஊதிப்போகக் கூடாது.

படம் வரைவது ஒலியின் வழியில் குறுக்கிடவும் கூடாது. விநாடிக்கு 44,100 மாதிரிகள் வீதம், 128 மாதிரிகள் கொண்ட தொகுதியாக ஒலி போனால் ஒவ்வொரு தொகுதிக்கும் கிடைப்பது சுமார் 2.9 மில்லிவிநாடி. வரையும் வேலைக்காக ஒலியைக் கணக்கிடும் இழை, அதாவது நிரலின் தனி ஓட்டம், காத்திருந்தால் ஸ்பீக்கரில் ‘டிக்’ என்று கேட்கும். அதனால் வரைதல் தனி இழையில் நடக்கிறது.

2020இல் வெளியான வைட்டல் சின்தசைசரின் சாளரத்தை ஓரம் பிடித்து இழுத்தால் உள்ளே உள்ள என்வலப் படமும் சேர்ந்து விரிகிறது. அதன் நிரல் திறந்த மூலம் என்பதால், கற்க நினைக்கும் எவரும் படித்துப் பார்க்கலாம்.

இன்னொரு கேள்வி வடிவமைப்பாளருடையது. படம் அகலமானதும் அதே 2 விநாடி நீட்டிக் காட்டப்பட வேண்டுமா, கூடுதல் விநாடிகள் தெரிய வேண்டுமா? நீண்டு கரையும் பின்னணி ஒலிகளை அமைப்பவருக்குப் பின்னது உதவும். ஆனாலும் இயல்பு நிலையாக இருக்க வேண்டியது முன்னதுதான். சாளரத்தை இழுத்துப் பெரிதாக்கும் கை பெரும்பாலும் தேடுவது அட்டாக்கின் அந்த முதல் சில மில்லிவிநாடிகளைத்தான்.