கூகுள் திறன்பேசிகளின் விற்பனைக் கொள்கை

கூகுள் நிறுவனம் 2010 முதல் தன் பெயரில் முதன்மைத் திறன்பேசிகளை விற்று வருகிறது. சாம்சங் போன்ற நிறுவனங்களுக்கு ஆண்ட்ராய்டு இயங்குதளத்தை வழங்கிக்கொண்டே, அவற்றுடன் சந்தையில் போட்டியிடவும் வேண்டியிருந்தது. இந்த இரட்டை நிலையால் அதன் விற்பனைக் கொள்கை பலமுறை மாறியது.

நெக்சசு

எச்டிசி தயாரித்த நெக்சசு வன் 2010 சனவரி 5 அன்று அறிமுகமானது. ஒப்பந்தம் ஏதுமின்றி வாங்குவோருக்கு அதன் விலை 529 டாலர். கூகுள் அதைத் தன் இணையக் கடையின் வழியே விற்றது. ஆனால் அமெரிக்கர்களில் பெரும்பாலோர் அக்காலத்தில் தொலைபேசிச் சேவை நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, குறைந்த விலைக்குப் பேசி வாங்கிப் பழகியவர்கள். வாங்கும் முன் கையில் எடுத்துப் பார்க்கவும் விரும்பினர். விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லாததால், சில மாதங்களிலேயே அந்தக் கடை மூடப்பட்டது.

அடுத்து வந்த நெக்சசு எசு பேசியைச் சாம்சங் தயாரித்தது. அது வழக்கமான கடைகளில் விற்கப்பட்டது. 2012இல் எல்ஜி தயாரித்த நெக்சசு 4, மீண்டும் இணையவழியே 299 டாலருக்கு வந்தது. 2014இல் வெளியான நெக்சசு 6இன் விலையோ 649 டாலர்.

மோட்டோரோலா

கூகுள் 2012இல் மோட்டோரோலா மொபிலிட்டியை 1,250 கோடி டாலருக்கு வாங்கியது. 2014இல் அதனை 291 கோடி டாலருக்கு லெனோவாவுக்கு விற்பதாக அறிவித்தது. பெரும்பாலான காப்புரிமைகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டது.

பிக்சல்

2016 அக்டோபரில் நெக்சசு பெயர் கைவிடப்பட்டு, பிக்சல் வந்தது. தொடக்க விலை 649 டாலர். 2018இல் எச்டிசியின் பொறியாளர் குழு ஒன்றை 110 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கூகுள் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. முன்பு விற்றுவிட்ட வன்பொருள் திறனை இவ்வாறு மீண்டும் விலை கொடுத்துப் பெற்றது.