விரலை எடுத்தது எப்போது?

500 ரூபாய் கீபோர்டில் தட்டினாலும் 'ஏ' என்றால் 'ஏ'தான் வரும். 20,000 ரூபாய் கீபோர்டில் தட்டினாலும் அதே 'ஏ'தான். பிறகு எதற்கு இவ்வளவு விலை? பாதிக் காசு கலர் விளக்குக்குப் போகிறது என்று கிண்டல் செய்வார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனால் விளக்கை அணைத்துவிட்டு விசையைக் கழற்றிப் பார்த்தால், அதற்கு அடியில் சில ஆண்டுகளாக நிஜமான மாற்றம் ஒன்று நடந்துவருவது தெரியும். விசை எப்போது அழுத்தப்பட்டது என்பதிலேயே நாற்பது ஆண்டுகள் குறியாக இருந்த தொழில் இது. விரல் எப்போது எடுக்கப்பட்டது என்று இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருக்கிறது.

முதலில் மலிவான கீபோர்டைத் திறப்போம். ஸ்விட்ச் என்று தனியாக எதுவும் உள்ளே இருக்காது. மின்தடம் அச்சிட்ட இரண்டு பிளாஸ்டிக் தாள்கள், நடுவே துளையிட்ட இன்னொரு தாள், அவற்றின் மேல் குமிழ் குமிழாக ஒரு ரப்பர் விரிப்பு, அவ்வளவுதான். விசையை அழுத்தினால் குமிழ் மடங்கி மேல்தாளைக் கீழ்த்தாளோடு சேர்க்கும். அநேகமாக அடிவரை அழுத்தினால்தான் எழுத்து விழும். நாள் ஆக ஆக ரப்பர் தளர்ந்து, ஒவ்வொரு விசையும் ஒவ்வொரு விதமாக அமுங்கத் தொடங்கும்.

விளையாடுபவருக்கு அதில் இன்னொரு தலைவலியும் உண்டு. விசைகளுக்குத் தனித்தனிக் கம்பி கிடையாது. குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டு இணைத்திருப்பார்கள். அந்தக் கட்டத்தில் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளை ஒருசேர அழுத்தினால், மின்சாரம் சுற்றுவழியில் போய் நான்காவது மூலையும் அழுத்தப்பட்டதாகக் காட்டிவிடும். இந்தப் பேய் எழுத்துக்குப் பயந்து மலிவான கீபோர்டுகள் மூன்றாவது விசையைக் கண்டுகொள்ளாமலே விட்டுவிடுகின்றன. குனிந்தபடி ஓடிக்கொண்டே தாவ வேண்டிய நேரத்தில் திரையில் இருக்கும் ஆள் தாவமாட்டான். விசைக்கு ஒரு டயோடு வைத்து மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் ஓடவிட்டால் இந்தப் பிரச்சினை தீர்ந்தது. மெக்கானிக்கல் கீபோர்டு என்று சொல்லி விற்பவற்றில் பெரும்பாலும் இது இருக்கிறது.

மெக்கானிக்கல் என்றால் ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்விட்ச், அதனுள் உலோக ஸ்பிரிங். இந்த ஸ்விட்சுக்கு இலக்கணம் வகுத்தது செர்ரி என்ற நிறுவனம். 1953-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் வால்டர் செர்ரி தொடங்கியது. பின்னர் ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தது. 1980-களின் தொடக்கத்தில் அது கொண்டுவந்த எம்.எக்ஸ். வகை ஸ்விட்ச்தான் இன்றைக்கும் அளவுகோல். மொத்தம் 4 மி.மீ. அமுங்கும். 2 மி.மீ. இறங்கியதும் உள்ளே இரண்டு தங்க முனைகள் தொட்டுக்கொள்ளும், எழுத்து விழும். அடிவரை போகவேண்டிய அவசியம் இல்லை.

ஸ்விட்சின் தண்டு நிறத்தைச் சொன்னாலே அதன் குணம் தெரிந்துவிடும். சிவப்பு வழுக்கிக்கொண்டு இறங்கும். அழுத்த 45 சென்டிநியூட்டன் விசை, அதாவது ஏறக்குறைய 46 கிராம் எடை போதும். கறுப்பும் அப்படித்தான், ஆனால் 60 சென்டிநியூட்டன் கேட்கும். பழுப்பில் நடுவழியில் ஒரு சின்ன மேடு விரலில் தட்டுப்படும். நீலத்தில் மேட்டோடு 'க்ளிக்' என்ற சத்தமும் சேர்ந்து வரும். நாலு பேர் ஒரே அறையில் நீல ஸ்விட்சில் தட்டினால், லோயர், ஹையர் தேர்வுக்குப் பயிற்சி நடக்கும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். விளையாடுபவர்கள் பெரும்பாலும் சிவப்பை எடுப்பார்கள். மேடும் சத்தமும் அவர்களுக்கு வழியில் கிடக்கும் கல். செர்ரியின் காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு கைல், கேட்டரான் போன்ற சீன நிறுவனங்கள் இதே அமைப்பில் ஸ்விட்சுகளைச் செய்து குவித்தன. அவற்றில் சில அசலைவிட வழவழப்பாக இறங்குகின்றன என்பதே என் அபிப்பிராயம்.

உலோகத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இரண்டு முனைகள் தொடும்போது ஒரேயடியாக ஒட்டிக்கொள்ளாமல், மிகச் சில மில்லி விநாடிகள் தொட்டும் விட்டும் துள்ளும். அதை அப்படியே நம்பினால் ஒரு தட்டுக்கு நாலு எழுத்து விழும். அதனால் கீபோர்டில் உள்ள சில்லு, துள்ளல் அடங்கும்வரை பொறுத்திருந்துதான் முடிவுக்கு வரும். இந்தக் காத்திருப்பை ஒழிக்கத்தான் ஒளி ஸ்விட்ச் வந்தது. ரேசர் நிறுவனம் 2018-ல் வெளியிட்ட ஹன்ட்ஸ்மேன் அதில் பிரபலமானது. உள்ளே ஒரு ஒளிக்கற்றை ஓடும். விசையின் தண்டு நகரும்போது கற்றை மறிபடுவதோ திறப்பதோதான் சைகை. தொடுவதற்கு உலோகம் இல்லை, ஆகவே துள்ளலும் இல்லை.

சரி, இதனால் என்ன லாபம்? விளம்பரங்கள் மில்லி விநாடியைப் பெரிதாகப் போட்டு விற்பதால் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கத்தான் வேண்டும். சாதாரண கீபோர்டின் நிலையைக் கணினி விநாடிக்கு 125 முறை விசாரிக்கிறது. அதாவது 8 மில்லி விநாடிக்கு ஒரு தடவை. கேமிங் கீபோர்டில் இது 1,000 முறை, 1 மில்லி விநாடிக்கு ஒன்று. இப்போது 8,000 முறை என்று போட்டு விற்கிறார்கள். 125-லிருந்து 1,000-க்குப் போனால் சராசரியாக மூன்றரை மில்லி விநாடி மிச்சம். 1,000-லிருந்து 8,000-க்குப் போனால் அரை மில்லி விநாடிகூட மிச்சமாகாது. 144 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் மாறவே ஏறக்குறைய 7 மில்லி விநாடி ஆகிறது. கண்ணால் பார்த்து விரல் அசைக்க மனிதருக்கு ஏறத்தாழ 200 மில்லி விநாடி வேண்டும். இந்த 8,000 என்ற எண்ணுக்காக மட்டும் யாராவது கூடுதல் பணம் கேட்டால், கொடுக்க வேண்டியதில்லை.

விரலை எடுக்கும் கணம் வேறு சமாச்சாரம். சிவப்பு ஸ்விட்சையே மறுபடி எடுத்துக்கொள்வோம். விளையாட்டுச் சூட்டில் யாரும் 2 மி.மீ.-யில் நிறுத்துவதில்லை, அடிவரை குத்துவார்கள். இப்போது விரலைத் தூக்கினால், 4 மி.மீ. ஆழத்திலிருந்து விசை ஏறக்குறைய 2 மி.மீ. மேலேறி வந்த பிறகே கணினிக்கு 'விட்டாயிற்று' என்று சேதி போகும். விரலை எடுத்தாயிற்று. கணினிக்கோ விசை இன்னும் அழுந்தியே இருக்கிறது. விசை விநாடிக்கு 100 மி.மீ. வேகத்தில் எழுகிறது என்று வைத்துக்கொண்டால், இந்த இழுபறி 20 மில்லி விநாடி. மேலே பார்த்த அரை மில்லி விநாடியின் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள்.

இது யாருக்கு உறுத்தும்? கவுன்டர்-ஸ்ட்ரைக், வாலரன்ட் ஆடுபவர்களுக்கு. அந்த ஆட்டங்களில் ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு சிதறும், நின்று சுட்டால்தான் குறியில் படும். வலப்பக்கம் ஓட 'டி', இடப்பக்கம் ஓட 'ஏ'. கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் 'டி'யை விட்டதும் ஆள் அப்படியே நின்றுவிடமாட்டான், கொஞ்சம் வழுக்குவான். அதனால் கைதேர்ந்தவர்கள் 'டி'யை விட்ட கையோடு 'ஏ'வை ஒரு தட்டுத் தட்டி, எதிர்த்திசை வேகத்தால் ஆளை நிறுத்திச் சுடுவார்கள். 'டி' விடுபட்ட சேதி தாமதமானால் இரண்டு விசையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, நிற்க வேண்டிய ஆள் நிற்கமாட்டான். முழு ஆட்டமும் விரலை எடுக்கும் துல்லியத்தில் தொங்குகிறது.

இதற்குத் தீர்வு 19-ஆம் நூற்றாண்டின் ஒரு கண்டுபிடிப்பில் இருந்தது. 1879-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த எட்வின் ஹால், மெல்லிய தங்கத் தகட்டில் மின்சாரத்தை ஓடவிட்டு, செங்குத்தாகக் காந்தப்புலத்தைக் காட்டினார். ஓடும் மின்னூட்டங்கள் ஒரு ஓரமாகத் தள்ளப்பட்டு, தகட்டின் இரு ஓரங்களுக்கிடையே சிறு மின்னழுத்தம் பிறந்தது. காந்தம் கிட்டே வர வர அது கூடும். 1960-களின் இறுதியிலேயே ஹனிவெல் நிறுவனம் இந்த ஹால் விளைவை வைத்துக் கீபோர்டு செய்தது. தேயக்கூடிய உலோக முனை இல்லாததால் ஆயுள் அதிகம், விலையும் அதிகம். கேமிங் பக்கம் அது வந்துசேர வெகுகாலம் ஆனது.

இன்றைய காந்த ஸ்விட்சில் தண்டின் அடியில் ஒரு குட்டிக் காந்தம், கீழே பலகையில் ஒரு ஹால் உணரி. விசை இறங்கினால் காந்தம் நெருங்கும், மின்னழுத்தம் மாறும். 'உண்டு, இல்லை' என்ற இரண்டே பதில் சொல்லிக்கொண்டிருந்த ஸ்விட்ச், இப்போது 'இத்தனை மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறேன்' என்று இடைவிடாமல் சொல்கிறது. டென்மார்க்கின் ஸ்டீல்சீரிஸ் 2019-ல் ஏபெக்ஸ் புரோ கீபோர்டில் இதை வைத்து, எழுத்து விழும் ஆழத்தை 0.4-லிருந்து 3.6 மி.மீ. வரை இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம் என்றது. பயன்தான், ஆனால் அப்போதும் யோசனை அழுத்துவதைப் பற்றியே இருந்தது.

பாதையைத் திருப்பியது நெதர்லாந்தின் வூட்டிங் என்ற சிறு நிறுவனம். 2016-ல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி வந்தவர்கள். விசையை மெல்ல அழுத்தினால் ஆள் நடக்க வேண்டும், பலமாக அழுத்தினால் ஓட வேண்டும் என்பதுதான் அவர்களின் முதல் ஆசை. அது பெரிதாக எடுபடவில்லை. பிறகு ஒளியிலிருந்து காந்தத்துக்கு மாறி, ரேபிட் ட்ரிகர் என்ற வசதியைச் சேர்த்தார்கள். இதில் விசைக்கு நிலையான எல்லைக்கோடு கிடையாது. எந்த ஆழத்தில் இருந்தாலும் சரி, விசை 0.1 மி.மீ. மேலேறத் தொடங்கினாலே 'விட்டாயிற்று', மறுபடி 0.1 மி.மீ. இறங்கினால் 'அழுத்தியாயிற்று'. மேலே சொன்ன 20 மில்லி விநாடி இழுபறி ஒன்றிரண்டாகச் சுருங்குகிறது. அம்புக்குறி விசைகள்கூட இல்லாத, பிளாஸ்டிக் உடம்பு கொண்ட அவர்களின் 60ஹெச்.இ. கீபோர்டு 175 டாலருக்கு விற்றது இந்த ஒரு வசதியால்தான். மற்ற பெரிய நிறுவனங்கள் பின்னால் ஓடிவந்தன.

இன்று உயர்விலைத் தட்டில் இருப்பவற்றை ஒப்பிட்டால் என் வாக்கு இன்னும் வூட்டிங்குக்கே. அதன் மென்பொருள் பிரவுசரிலேயே திறக்கும். கணினியில் எதையும் நிறுவிக் கணக்குத் தொடங்கச் சொல்வதில்லை. 2023-ல் வந்த ரேசர் ஹன்ட்ஸ்மேன் வி3 புரோ காந்தத்துக்குப் பதிலாக, தண்டு வழியே வரும் ஒளியின் அளவை அளந்து அதே வேலையைச் செய்கிறது; ஆழத்தைக் கீபோர்டிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்பது அதில் ஒரு வசதி. முழு அளவு கீபோர்டு 250 டாலருக்கு வந்தது, அது எனக்கு அதிகமாகவே படுகிறது. ஏபெக்ஸ் புரோவின் மூலையில் ஒரு குட்டி ஓலெட் திரை இருக்கிறது. எதற்கென்று கேட்காதீர்கள். லாஜிடெக், கோர்சேர் இரண்டும் காந்த ஸ்விட்ச் பந்திக்குத் தாமதமாக வந்தவை.

கீபோர்டுக்குப் புத்தி கூடியதும் வம்பும் வந்தது. 2024 ஜூலையில் ரேசர் 'ஸ்னாப் டாப்' என்ற வசதியைக் கொடுத்தது. 'டி'யை அழுத்தியபடியே 'ஏ'வைத் தொட்டால் போதும், 'டி' விடப்பட்டதாகக் கீபோர்டே சொல்லிவிடும். ஆண்டுக்கணக்கில் பழகிய விரல் நேர்த்தியை ஒரு சில்லு இலவசமாகச் செய்து கொடுத்தது. வூட்டிங்கும் அதே மாதிரி ஒன்றை வைத்திருந்தது. அடுத்த மாதமே கவுன்டர்-ஸ்ட்ரைக்கை நடத்தும் வால்வ் நிறுவனம், இப்படி விசையைத் தானே இயக்கும் வசதி தன் சர்வர்களில் கண்டுபிடிக்கப்பட்டால் ஆட்டத்திலிருந்து வெளியேற்றுவதாக அறிவித்தது. ரேபிட் ட்ரிகருக்குத் தடை இல்லை. அது விரல் செய்ததைச் சீக்கிரம் சொல்கிறது. மற்றது விரல் செய்யாததைச் சொல்கிறது. கோடு போட வேண்டிய இடத்தில்தான் போட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சத்தம், தொடுகை, கனம் ஆகியவற்றுக்காகவும் மனிதர்கள் பெருந்தொகை கொடுக்கிறார்கள். அது ருசி சம்பந்தப்பட்டது, வேகத்துக்கு அங்கே வேலையில்லை. கீக்ரான் நிறுவனத்தின் கியூ வரிசை மாதிரி அலுமினிய உடம்பும், அதிர்ச்சி வாங்கும் திண்டும், பஞ்சுப் பட்டையும் வைத்தவற்றில் தட்டினால் அடித்தொண்டையில் 'டொக்' என்று ஒரு ஒலி வரும். பழகினால் விட மனம் வராது. விரல் படும் மூடியான கீகேப்பை மட்டும் பார்த்து வாங்குங்கள். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் விரல் எண்ணெய் பட்டுச் சில மாதங்களிலேயே பளபளக்கும், பி.பி.டி. வெகுகாலம் சொரசொரப்பாகவே இருக்கும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒரு கவலை வேண்டாம். கீபோர்டு அனுப்புவது 'இத்தனையாவது விசை' என்ற எண்ணை மட்டுமே. எழுத்தைத் தீர்மானிப்பது கணினி. 1999-ல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பு இவை எல்லாவற்றிலும் ஓடும். ஆனால் எழுதுவதற்கு மட்டும் வாங்குபவர் காந்தத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம். பழுப்பு ஸ்விட்ச் போட்ட, நல்ல கீகேப் உள்ள ஒன்று போதும்.

விளையாட்டுக்கென்றால், வூட்டிங் விலையில் பாதிக்கும் குறைவாகவே சீனக் காந்தக் கீபோர்டுகள் இப்போது இந்தியச் சந்தையில் கிடைக்கின்றன. பெட்டியில் எல்லோரும் 0.1 மி.மீ. என்றே போடுகிறார்கள். வித்தியாசம் அளவீட்டின் நிதானத்தில் இருக்கிறது. மலிவானவற்றில் வெப்பம் மாறினால் அளவு நகரும், அழுத்தியே வைத்திருக்கும் விசை தானாக விட்டு விட்டுத் துடிக்கும். வாங்கிய அன்றே விசைகளை மென்பொருளில் அளவு திருத்திவிட்டு, ஆட்டத்தில் ஆளை முன்னே நடக்கவைக்கும் 'டபிள்யூ'வை அரை ஆழத்தில் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். ஆள் திக்கித் திக்கி நடந்தால் 0.1-ஐ 0.3 ஆக்குங்கள். அப்போதும் திக்கினால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.